நேரம் எழுதாத புட்டியில் இருக்கும் பாலைக் கொட்டிவிடுங்கள்

அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

35ஆவது வாரத்தில் பிறந்த உங்கள் இரட்டைக் குழந்தைகளுக்கு இப்போது மூன்று வாரம் ஆகிறது என்றும், மகள் 2.4 கிலோவும் மகன் 2 கிலோவும் இருக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனைவி இயன்றவரை இருவருக்கும் நேரடியாகப் பாலூட்டுகிறார். மற்ற வேளைகளில் பீய்ச்சி எடுத்த தாய்ப்பாலையும், அது போதாதபோது பச்சிளம் குழந்தைகளுக்கான பவுடர் பாலையும் (ஃபார்முலா) புட்டியில் தருகிறீர்கள். மகனின் எடை குறைவாக இருப்பதால், அவனுக்குரிய தாய்ப்பாலில் மட்டும் ஒரு சத்துப் பொடியைக் கலக்கும்படி மருத்துவர் சொல்லியிருக்கிறார். இரவில் நீங்களும் உங்கள் மாமியாரும் முறைவைத்து விழித்திருக்கிறீர்கள். ஒரு நாள் விடியற்காலையில் மேசைமேல் பாதிப் பாலோடு இரண்டு புட்டிகள் இருந்ததையும், அவை யார் குடித்தவை, ஒரு மணிக்குக் கலந்தவையா நான்கு மணிக்குக் கலந்தவையா என்று மூவருக்குமே தெரியாமல் போனதையும் குறிப்பிட்டுவிட்டு, 24 புட்டிகள் வாங்கிவிட்டால் இந்தக் குழப்பம் தீருமா, புட்டிகளைக் கிருமிநீக்கம் செய்யும் ஸ்டெரிலைசர் கட்டாயமா, இருவருக்கும் தனித்தனிப் புட்டி வேண்டுமா, இரவுக்கான பாலை முன்கூட்டியே கலந்து வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

புட்டிகளின் எண்ணிக்கையால் வந்த குழப்பம் அல்ல இது. கையில் எடுக்கும் புட்டி இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பது பார்த்தவுடனே தெரியாததால் வந்தது. கழுவாதது, கழுவியது, கொதிக்கவைத்து உலர்ந்தது, பால் நிரப்பியது, குழந்தை வாய் வைத்தது ஆகிய ஐந்து நிலைகளில் ஒன்றில்தான் எந்தப் புட்டியும் இருக்க முடியும். தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் எவரையும் கேட்காமல் அந்த நிலையைக் கண்டுகொள்ளும்படி வீட்டை அமைப்பதுதான் நாம் செய்ய வேண்டிய ஏற்பாடு. அலமாரியும் தட்டுகளும் அழகாக இருக்க வேண்டும் என்பதில்லை.

முதலில் பால் நிரப்பிய புட்டியை எடுத்துக்கொள்வோம், ஏனெனில் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. கலந்த பவுடர் பாலை அறை வெப்பநிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. குழந்தை குடிக்கத் தொடங்கிவிட்டால் அப்போதிலிருந்து ஒரு மணி நேரம்தான் கணக்கு. பீய்ச்சி எடுத்த புதிய தாய்ப்பால் மிகுந்த வெப்பமில்லாத அறையில், அதாவது 25 டிகிரி செல்சியஸ் வரை, நான்கு மணி நேரம் தாங்கும். குழந்தை குடித்து முடித்த பிறகு மீந்த தாய்ப்பாலை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்கலாம்; அதற்குப் பின் கொட்டிவிட வேண்டும். இத்தனை கணக்கையும் இரவு மூன்று மணிக்கு எவராலும் மனத்தில் வைத்திருக்க முடியாது. ஆகவே பால் ஊற்றப்படும் ஒவ்வொரு புட்டியிலும் ஒரு துண்டு காகித டேப்பில் பாலின் வகையையும், கலந்த அல்லது பீய்ச்சிய நேரத்தையும் எழுதி ஒட்டிவிடுங்கள். டேப்பைப் பால் ஊற்றுவதற்கு முன்பே, புட்டி உலர்ந்திருக்கும்போதே ஒட்டுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வியர்த்திருக்கும் புட்டியில் எந்த டேப்பும் நிற்காது. நேரம் எழுதப்படாத புட்டி கண்ணில் பட்டால், யார் வைத்தது, எப்போது வைத்தது என்ற விசாரணையே வேண்டாம். பாலைக் கொட்டிவிட்டுப் புட்டியைக் கழுவப் போடுங்கள். அது தாய்ப்பாலாக இருந்தால் கொட்டுவதற்கு மனம் வராது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் ஒரு புட்டியில் அதிகம் ஊற்றாதீர்கள் என்று சொல்கிறேன்.

எவ்வளவு ஊற்றுவது? முதல் வாரத்துக்குப் பிறகு ஒரு நாளில் கிலோவுக்குச் சுமார் 150 மில்லி என்பது பொதுவான கணக்கு. குறைமாதக் குழந்தைகளுக்கு மருத்துவர் சொல்லும் அளவே இறுதியானது என்றாலும், இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் எட்டு வேளையாகப் பிரித்துக் கொடுக்கும்போது உங்கள் மகளுக்கு ஒரு வேளைக்கு 45 மில்லியும் மகனுக்கு 40 மில்லிக்குச் சற்றுக் குறைவாகவும் வரும். இதற்கு 240 மில்லி பிடிக்கும் பெரிய புட்டி எதற்கு? சுமார் 120 மில்லி பிடிக்கும் சிறிய புட்டிகளே இப்போதைக்குப் போதும். அவற்றில் பத்து மில்லி வித்தியாசத்தைக்கூடத் தெளிவாகப் பார்க்க முடியும். மகன் எவ்வளவு குடித்தான் என்று மருத்துவர் கேட்கும்போது அந்தத் துல்லியம் உதவும்.

எண்ணிக்கையை நீங்கள் எத்தனை முறை கழுவுகிறீர்கள் என்பதிலிருந்து கணக்கிடுங்கள். இரண்டு குழந்தைகளுக்கும் சேர்த்து நாளொன்றுக்குக் குறைந்தது 16 வேளை பால். எல்லா வேளையும் புட்டிப் பால்தான் என்று வைத்துக்கொண்டாலும், எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கழுவினால் இடைப்பட்ட நேரத்தில் ஆறு புட்டிகள்தான் செலவாகும். கைதவறி விழுந்தால் எடுக்க இரண்டைச் சேர்த்து எட்டு போதும். காலையும் இரவும் மட்டுமே கழுவ முடியும் என்றால், ஒரு நேரத்தில் எட்டு செலவாகும். அப்போது பத்து வேண்டும். நேரடியாகப் பாலூட்டும் வேளைகளைக் கழித்தால் இதைவிடக் குறையும். 24 புட்டிகள் இருந்தால் நாள் முழுவதும் கழுவாமலே தள்ளிப்போடலாம் என்பதுதான் அவற்றால் வரும் ஒரே வசதி. நாள் முழுவதும் பால் உலர்ந்து ஒட்டிக்கிடந்த புட்டியைத் தேய்த்துக் கழுவிப் பார்த்தவர்கள் அதை வசதி என்று சொல்ல மாட்டார்கள்.

எல்லாப் புட்டிகளும் ஒரே வகையாக இருக்கட்டும். பரிசாக வந்த நான்கு, கடையில் பார்த்து வாங்கிய நான்கு, மருத்துவமனையிலிருந்து வந்த இரண்டு என்று கலந்திருந்தால், ஒரு நிப்பிள் இன்னொன்றின் வளையத்தில் பொருந்தாது. பொருந்தியதுபோல் தோன்றிவிட்டுக் குழந்தையின் கழுத்தில் பால் ஒழுகும். வாயுத் தொல்லையைக் குறைப்பதாகச் சொல்லி உள்ளே குழாய், வால்வு, திருகு என்று ஐந்தாறு பாகங்களோடு விற்கப்படும் புட்டிகளைப் பற்றி என் கருத்தைக் கேட்டால், மருத்துவர் குறிப்பாகச் சொல்லாதவரை இரட்டைக் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை. கழுவ வேண்டிய பாகங்கள் ஒவ்வொன்றும் ஒரு நாளில் 16 முறை உங்கள் கைக்கு வரும். அகன்ற வாய், குறைந்த பாகங்கள், பச்சிளம் குழந்தைகளுக்கான மெதுவான ஓட்டமுள்ள நிப்பிள் ஆகியவை இருந்தால் போதும். மொத்தமாக வாங்குவதற்கு முன் இரண்டை மட்டும் வாங்கி, இருவரும் மூச்சுத் திணறாமல், அதிகம் ஒழுகாமல் குடிக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நிப்பிளை இழுத்துப் பார்த்து, பிசுபிசுப்போ உப்பலோ கீறலோ தெரிந்தால் உடனே தூக்கிப் போட்டுவிடுங்கள்.

இனிக் கழுவுவது. சமையல் மேடையில் புட்டிகள் ஒரே திசையில் நகர வேண்டும். ஒரு புட்டி வந்த வழியே திரும்பிப் போகக் கூடாது. தொட்டியின் ஒரு பக்கத்தில் பயன்படுத்திய புட்டிகளுக்கான ஓர் அகலமான பாத்திரம், அடுத்து அடுப்பு, அதற்கடுத்து உலர்த்தும் தட்டு, கடைசியில் மூடியுள்ள பெட்டி என்று வரிசையாக அமையுங்கள். பால் கொடுத்து முடித்தவர் செய்ய வேண்டியது ஒரு நிமிட வேலைதான். மீந்த பாலைக் கொட்டி, புட்டியையும் வளையத்தையும் நிப்பிளையும் பிரித்து, ஓடும் நீரில் அலசி, முதல் பாத்திரத்தில் போட்டுவிட வேண்டும். பிரிக்காமல் போட்டால் வளையத்தின் மரைகளில் பால் தங்கிக் காய்ந்துவிடும். துர்நாற்றம் முதலில் அங்கிருந்துதான் தொடங்கும். முழுக் கழுவலையும் உடனே செய்ய முடிந்தால் மிக நல்லது. முடியாதபோது இந்த அலசலையாவது தவறவிடாதீர்கள்.

கழுவும்போது புட்டிகளை நேரடியாகச் சமையலறைத் தொட்டியில் போடக் கூடாது என்பதைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. மற்ற உணவுகளின் கழிவும் கிருமிகளும் தங்கும் இடம் அது. புட்டிகளுக்கென்றே ஒரு பாத்திரமும் ஒரு பிரஷும் இருக்க வேண்டும். அவற்றை வேறெதற்கும் எடுக்கக் கூடாது. சூடான சோப்பு நீரில் தேய்த்து, நிப்பிளின் துளை வழியே நீரைப் பீய்ச்சியடித்து, நல்ல நீரில் அலசினால் கழுவும் வேலை முடிந்தது. அந்தப் பிரஷையும் பாத்திரத்தையும்கூடச் சில நாட்களுக்கு ஒருமுறை சூடான சோப்பு நீரில் நன்றாகக் கழுவிக் காயவைக்க வேண்டும். தாய்ப்பால் பீய்ச்சும் கருவியான பிரெஸ்ட் பம்ப்பின் பால் படும் பாகங்களுக்கும் இதே விதிதான். அவற்றை ஒவ்வொரு முறையும் கழுவாமல் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்துக்கொள்ளும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. குறைமாதக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதை நான் ஏற்க மாட்டேன். பம்ப்பின் சிறு வால்வுகள் நீரோடு போய்விடாமல் இருக்க ஒரு சிறு வலைப்பையில் போட்டுக் கழுவுங்கள்.

ஸ்டெரிலைசர் வசதிக்கான பொருளே தவிர, கட்டாயமானது அல்ல. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கும் பால் கொடுக்கும் பொருள்களை நாளுக்கு ஒருமுறையாவது கிருமிநீக்கம் செய்ய வேண்டும். உங்கள் குழந்தைகள் இரண்டு வகையிலும் வருகிறார்கள். ஒவ்வொரு பயன்பாட்டுக்குப் பிறகும் நன்றாகக் கழுவி, நாளுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் பெரிய பாத்திரத்தில் முழுவதும் மூழ்கும்படி வைத்து, நீர் நன்றாகக் கொதிக்கத் தொடங்கியதிலிருந்து ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டால் போதும். காற்றுக் குமிழி சிக்கி மிதக்கும் புட்டியின் உட்புறம் நீரில் நனையாமலே இருந்துவிடும், ஆதலால் அதைச் சாய்த்து நீரை உள்ளே நிரப்பிவிடுங்கள். புட்டியின் அடியில் அந்தப் பிளாஸ்டிக் கொதிநீரைத் தாங்குமா என்ற குறிப்பையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வேலையை ஒரே நேரத்தில், ஒரே ஆள் செய்வது என்று வைத்துக்கொள்வது நல்லது. மூவரில் யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றிருந்தால் ஒரு நாள் மூவருமே செய்யாமல் விட்டுவிடுவார்கள்.

எடுத்த புட்டிகளைத் துண்டால் துடைக்காதீர்கள். துண்டில் உள்ள கிருமிகள் அப்போதுதான் கொதித்து வந்த புட்டியில் ஏறும். சுத்தமான தட்டில் கவிழ்த்துத் தானாக உலரவிட்டு, ஈரம் சிறிதும் இல்லாதபோது மட்டும் நிப்பிளையும் வளையத்தையும் பொருத்தி மூடியிட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். பெட்டிக்குள் இருப்பது எதுவாயினும் பயன்படுத்தத் தயாரானது. பெட்டிக்கு வெளியே இருப்பது எதுவும் தயாரானதல்ல. உதவிக்கு வரும் உறவினரிடம் இந்த ஒன்றைச் சொன்னால் மற்றதை அவர்களே புரிந்துகொள்வார்கள்.

தனித்தனிப் புட்டி பற்றிக் கேட்டீர்கள். இருவரும் உடல்நலத்தோடு இருக்கும்வரை, ஒழுங்காகக் கழுவிக் கொதிக்கவைத்த புட்டியை அடுத்த வேளையில் யாருக்கும் பயன்படுத்தலாம். இவளுக்கு இவை, இவனுக்கு இவை என்று நிரந்தரமாகப் பிரித்துவிட்டால், மகளின் பங்கு தீர்ந்து மகனின் பங்கு மட்டும் மீந்திருக்கும் நிலை அடிக்கடி வந்து, வீணாகக் கூடுதல் புட்டிகள் வாங்க நேரும். ஆனால் ஒரே வேளையில் ஒருவர் குடித்து மீதம் வைத்ததை மற்றவருக்குக் கொடுக்கக் கூடாது. இருவரில் ஒருவருக்கு நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் துடைத்தாலும் போகாத வெண்படலம் தோன்றினால், மருத்துவரிடம் காட்டுவதோடு, அது குணமாகும்வரை நிப்பிள்களைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

புட்டியைப் பிரிக்க வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் பாலைப் பிரித்தே ஆக வேண்டும். உங்கள் மகனுக்கு மட்டும் சத்துப் பொடி கலந்த பால் போவதால், அந்தப் பால் உள்ள புட்டியில் அவன் பெயரை வேறு நிறப் பேனாவால் எழுதுங்கள். ரப்பர் வளையம் கட்டி அடையாளம் வைப்பதை நான் விரும்புவதில்லை, ஏனெனில் அறுந்து தொட்டிலில் விழுந்தால் குழந்தையின் தொண்டையில் சிக்கக்கூடிய பொருள் அது. பொடியை மருத்துவர் சொன்ன அளவில் மட்டும் கலக்க வேண்டும். சாதாரணப் பவுடர் பாலைத் தண்ணீருக்குப் பதிலாகத் தாய்ப்பாலில் கரைப்பது வேறு விஷயம். அதை ஒருபோதும் செய்யாதீர்கள். இரண்டு வகைப் பாலும் கொடுக்க வேண்டிய வேளையில் தாய்ப்பாலை முதலில் தனியாகக் கொடுத்துவிட்டு, போதாவிட்டால் பவுடர் பாலை வேறு புட்டியில் தண்ணீரில் கலந்து கொடுங்கள். ஒரே புட்டியில் சேர்த்துவிட்டால், குழந்தை பாதியில் தூங்கிவிடும்போது கொட்டப்படுவதில் உங்கள் மனைவி சிரமப்பட்டு எடுத்த பாலும் போய்விடும்.

ஃப்ரிட்ஜில் தாய்ப்பாலுக்கென்று ஒரு தட்டு வைத்து, அதை உள்பக்கமாகத் தள்ளி வையுங்கள். திறந்து மூடும்போதெல்லாம் வெப்பம் மாறும் கதவு அலமாரி இதற்கு ஏற்றதல்ல. புதிதாகப் பீய்ச்சியது பின்வரிசையிலும் பழையது முன்வரிசையிலும் இருந்தால், கைக்கு முதலில் வருவதே முதலில் செலவாகும். அங்கே நான்கு நாள் வரை வைக்கலாம். அதற்குள் செலவாகாது என்று தெரிந்தால் தொடக்கத்திலேயே ஃப்ரீசருக்கு மாற்றிவிடுங்கள். ஆறு மாதம் வரை அது தரம் குறையாமல் இருக்கும். ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜில் முழுவதும் உருகிய பாலை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். மறுபடி உறையவைக்கக் கூடாது. மருத்துவமனையிலிருந்து குறைமாதக் குழந்தைகளுக்கென்று இதைவிடக் குறைந்த நேரக் கணக்கு உங்களுக்குத் தரப்பட்டிருந்தால், அதையே பின்பற்றுங்கள்.

பவுடர் பாலை முன்கூட்டியே கலப்பதற்கு எச்சரிக்கை தேவை. டின்னில் வரும் பவுடர் கிருமியற்றது அல்ல என்பதைப் பல பெற்றோர் அறிந்திருப்பதில்லை. குரோனோபேக்டர் என்ற கிருமி அதில் அரிதாக இருக்கக்கூடும். அது இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளையும் குறைமாதக் குழந்தைகளையும் கடுமையாகத் தாக்கும். 2007இல் உலக சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத நீரில் பவுடரைக் கலக்கச் சொல்வது இதனால்தான். கொதித்த நீரை அரை மணி நேரத்துக்கு மேல் ஆறவிடாமல் எடுத்து, முதலில் நீரை அளந்து ஊற்றி, பிறகு அந்த டின்னில் வந்த கரண்டியால் தலைதட்டிய அளவில் பவுடரைப் போட்டுக் கலக்கி, மூடிய புட்டியைக் குளிர்ந்த நீரில் வைத்து ஆற்றி, மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வேளைக்கும் புதிதாகக் கலப்பதே சிறந்தது. இரவில் அது முடியவே முடியாது என்றால், படுக்கப் போகுமுன் இதே முறையில் இரவுக்கு வேண்டிய புட்டிகளை மட்டும் கலந்து, உடனே குளிரவைத்து, 5 டிகிரிக்கு மேல் போகாத ஃப்ரிட்ஜின் உட்பகுதியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிடலாம். கலக்க வேண்டாத, கிருமிநீக்கம் செய்யப்பட்ட திரவ வடிவ ஃபார்முலா உங்கள் மகனுக்குப் பொருந்துமா என்று மருத்துவரைக் கேட்பதும் நல்லது. ஒரு நேரத்தில் ஒரு டின்னை மட்டும் திறந்து, திறந்த தேதியை மூடியில் எழுதி, ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். சீக்கிரம் தீர்கிறதே என்று நீரைக் கூட்டிக் கலக்க வேண்டாம்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த புட்டியைச் சூடான நீர் உள்ள பாத்திரத்தில் சில நிமிடம் வைத்தால் போதும். மைக்ரோவேவ் வேண்டாம், புட்டி வெளியே மிதமாக இருக்க, உள்ளே ஓரிடத்தில் மட்டும் நாக்கைச் சுடும் அளவுக்குப் பால் சூடேறியிருக்கும். குழந்தைகள் உறங்கும் அறையில் இரவுக்கென்று ஒரு தட்டு தயாராக இருக்கட்டும். துடைக்கும் துணிகள், டேப், பேனா, ஒரு சிறு விளக்கு, குறிப்பேடு ஆகியவை அதில் இருந்தால் நடை மிச்சமாகும். பால் மட்டும் அங்கே இருக்கக் கூடாது. அதன் இடம் ஃப்ரிட்ஜ்தான். இருவரும் ஒரே நேரத்தில் அழும்போது ஒருவருக்குப் புட்டியைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டு மற்றவரைக் கவனிக்கலாம் என்ற எண்ணம் எல்லாப் பெற்றோருக்கும் வரும். வேண்டாம். பால் புரையேறினால் தலையைத் திருப்பிக்கொள்ளும் வலிமை இந்த வயதுக் குழந்தைக்கு இல்லை. எடை குறைந்த மகனுக்கு முதலில் கொடுத்துவிட்டு, மகளைப் பத்து நிமிடம் அழவிட்டாலும் பாதகமில்லை.

குறிப்பேட்டில் ஒரு பக்கத்தை நடுவில் கோடிட்டு, இடப்புறம் மகளுக்கும் வலப்புறம் மகனுக்கும் ஒதுக்குங்கள். நேரம், பாலின் வகை, குடித்த அளவு, சிறுநீர், மலம் ஆகியவற்றைப் பால் கொடுத்தவரே அப்போதே எழுத வேண்டும். வைட்டமின் சொட்டு மருந்துக்கு அதே பக்கத்தின் உச்சியில் இருவருக்கும் தனித்தனிக் கட்டம் போட்டு, கொடுத்தவுடன் குறியிடுங்கள். இரட்டையர் உள்ள வீடுகளில் ஒருவருக்கே இரண்டு முறை மருந்து போய், மற்றவருக்குப் போகாமலே இருந்துவிடுவது எளிதில் நடக்கக்கூடிய தவறு. காலையில் நீங்களும் இரவில் மாமியாரும் கொடுப்பது என்றில்லாமல், சொட்டு மருந்தை ஒருவர் பொறுப்பிலேயே விட்டுவிடுங்கள். இருவரில் யாராவது ஒரு நாளில் ஆறு தடவைக்கும் குறைவாகச் சிறுநீர் கழித்தாலோ, வழக்கமான வேளையில் எழுப்பியும் தொடர்ந்து இரண்டு வேளை பால் குடிக்க மறுத்தாலோ, அடுத்த பரிசோதனை வரை காத்திராமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். பரிசோதனைக்குப் போகும்போது இந்தக் குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுங்கள். மகனுக்கான சத்துப் பொடியைத் தொடர வேண்டுமா என்பதையும் அவனுடைய அளவைக் கூட்ட வேண்டுமா என்பதையும் அதைப் பார்த்தே மருத்துவரால் சொல்ல முடியும்.